முனையில்லாத மேஜை

போட்டோவா? இல்லம்மா, என்கிட்ட ஆல்பமெல்லாம் கெடையாது. அம்பத்தூர்ல மத்த இன்டீரியர்காரன் எல்லாம் வச்சிகினு கீறான், மெய்தான். இது எந்த டாக்டர் ஊட்டு கிச்சன், இது யாரு ஊட்டு பெட்ரூம்னு பொரட்டிப் பொரட்டிக் காட்டுவான். நான் காட்ட மாட்டேன். வேலையப் பாக்கணும்னா இதோ பீரோ நிக்குதே, கதவத் தொறந்து மூடிப் பாருங்க.

கோச்சிக்காதீங்க. உக்காருங்க. ஏன்னு சொல்றேன்.

அஞ்சு வருசம் ஆச்சு, தொண்ணூத்தொண்ணுல. அப்ப நானும் கஜபதியும் கூட்டு. அளவு எட்து படம் போட்றது நானு, மரத்துல கை வைக்கிறது அவன். ஆவடி பேக்டரில வேலை பாத்த பக்தவத்சலம்னு ஒருத்தரு, குவாட்டர்ஸ உட்டுட்டு பாரிவாக்கத்துல சொந்தமா ஊடு கட்னாரு. உள்வேலை முச்சூடும் எங்களுக்குத்தான். ஒரே கண்டிசன். மேஜை, கட்டிலு, ஷோகேஸு, எதுலயும் கூர் முனை இருக்கக் கூடாது. பாத்ரூம் தாப்பாள வெளிய இருந்தும் தொறக்கறாப்பல வைக்கணும். இன்னாத்துக்கு சார்னு கேட்டேன். மென்னு முழுங்கிட்டு சொன்னாரு. பொண்ணு வனஜாவுக்கு வலிப்பு வரும், பொட்டுனு உழுந்துடும். வெளிய யாருக்கும் தெரியாதுப்பா, உங்களோட வச்சிக்கங்கன்னாரு.

செஞ்சி குட்தோம். கஜபதி இருக்கானே, ஒவ்வொரு முனையயும் உப்புத்தாள் போட்டுத் தேச்சி, தன் கன்னத்த வச்சி உரசிப் பாப்பான்.

ஆறு மாசங்கழிச்சி அந்தப் பொண்ணுக்கு நிச்சயம் ஆச்சு. பத்திரிகை அடிக்கப் போற நேரம், மாப்ள ஊட்டுக்காரங்க நிறுத்திட்டாங்க. விசயம் காதுக்குப் பூட்ச்சி. வலிப்பு மட்டும் இல்லம்மா, பாத்ரூம் தாப்பா வரைக்கும் கரீக்டா சொன்னாங்களாம். ஊட்டு ஆளுங்கள உட்டா அது தெரிஞ்சது நாங்க ரெண்டு பேருதான.

நேரா இங்க வந்துட்டாங்க, அப்பனும் பொண்ணும். அவரு கத்துனாரு. பொண்ணு கத்தல. அண்ணா, கட்டிக்கப் போறவருகிட்ட நானே சொல்லணும்னுதான் இருந்தேன், நான் சொல்ல வேண்டியதுண்ணா அது, நீங்க யாரு அத சொல்றதுக்குன்னு கேட்டுச்சி.

நான் கஜபதியத் திரும்பிப் பாத்தேன். அவ்ளோதான். அவங்களும் அவனப் பாத்தாங்க. சாய்ந்தரமானா சரக்கு போட்றவன், வாய் நிக்காதுன்னு அவங்களே முடிவு பண்ணிக்கினாங்க. பக்தவத்சலம் ஓங்கி உட்டாரு ஒண்ணு. கஜபதி திருப்பி அடிக்கல. நான் சொல்லலன்னும் சொல்லல. என் மூஞ்சியவே பாத்துகினு நின்னான். அப்பால உளியெல்லாம் கோணில கட்டிகினு பூட்டான்.

பேரு கெட்டுப் போச்சி. அதுக்கப்புறம் எவனும் அவன ஊட்டுக்குள்ள உட்ல. இப்ப இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு கம்பெனில பேக்கிங் பொட்டிக்கு ஆணி அடிச்சிகினு கீறான். அந்தக் கை, ஆணி அடிக்குது. திருநின்றவூர்ல வாடகை ஊடு. போன மாசம் ஸ்டேசன்ல பாத்தேன். டேய் கஜான்னேன். வண்டி வந்துச்சி, ஏறிப் பூட்டான்.

வனஜாவா? கல்யாணம் ஆவலம்மா. டைப்ரைட்டிங் சொல்லிக் குடுக்குதாம். என்னிக்காவது பஸ் ஸ்டாப்ல கண்டா நான் அந்தப் பக்கம் பூடுவேன்.

இன்னாம்மா? குடிகாரன நம்பி ஏன் கூட்டு வச்சேனா?

அவன் சொல்லலம்மா. இங்க ஜெகதாம்பாள்னு ஒரு அம்மா, பேரப்புள்ள இடிச்சிக்குது, மேஜை முனைய உருட்டித் தர்றியான்னு கேட்டாங்க. இது ஒரு மேட்டராம்மா, பாரிவாக்கத்துல ஒரு ஊடு முழுக்க உருட்டிக் குட்துகீறேன், பேக்டரிக்காரர் பொண்ணு, வலிப்பு, தாப்பா கூட வெளிய தொறக்கும்னு பெருமையா அளந்துட்டேன். அந்தம்மா மாப்ளைக்கு அத்தைன்னு எனுக்கு இன்னா தெரியும். கஜபதி பக்கத்துலதான் கீல் மாட்டிகினு இருந்தான். வாணாம்டான்னு என் கால மிதிச்சான்.

நான் நிறுத்தல.