ஒரு டி விலாசம்

கரண்ட் போனால் போகட்டும். எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால்... அந்த நினைப்பை இப்போதே விட்டுவிடுங்கள். இது நடந்தது பட்டப்பகலில்.

ஞாயிற்றுக்கிழமை, மணி இரண்டு. பஸ் அவரை இறக்கிவிட்டுப் போய்விட்டது. கம்பெனிகள் மட்டுமே இருக்கிற நீளச் சாலை. எல்லா கேட்டுகளும் பூட்டிக் கிடந்தன. ஈ காக்கை இல்லை. தார் உருகுகிற வாசனை... அவருடைய செருப்புச் சத்தம்... அவ்வளவுதான். தொடர்ந்து மூன்றாவது ஞாயிறாக இப்படி ஆபீசுக்கு வருவதில் அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மனைவிக்கு எட்டாவது மாதம். வீட்டில் வேறு துணை கிடையாது. கிளம்பும்போது அவள் கேட்டது ஒன்றுதான்: "இன்னைக்கு ஒரு நாளாவது கூட இருக்கக் கூடாதா?" அவர் செருப்பை மாட்டினார்.

அடுத்தவர் எழுதிய புரோகிராமை வரி வரியாகப் படிப்பதுதான் அவர் வேலை. ஆபீசில் பட்டப்பெயர், பூதக்கண்ணாடி. பொருத்தமான பெயர்தான். என்ன பொருத்தம் என்பது பிறகு தெரியும்.

இந்த முறை கையில் இருந்தது ஆம்புலன்ஸ் கூப்பிடுகிற ஆப். கூப்பிடுகிறவர்களின் விவரமெல்லாம் நோ-எஸ்கியூஎல் என்கிற புது வகைத் தகவல் கிடங்கில் சேர்கிறது. கட்டம் போட்டு வைக்கிற பழைய வகையில், தெரியாத பெயரில் எதையாவது கொடுத்தால் வாங்கமாட்டேன் என்று சண்டைக்கு வரும். இது கோணிப்பை மாதிரி. எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். எழுத்துப்பிழை விட்டால் அதையும் ஒரு புதுப் பெயராக வைத்துக்கொண்டு வாயே திறக்காது. உள்ளே என்னென்ன இருக்கவேண்டும் என்பது புரோகிராமுக்கு மட்டும்தான் தெரியும். அதைப் படித்து அவர் பட்டியல் தரவேண்டும். பட்டியலில் இல்லாததையெல்லாம் மறுநாள் அழித்துவிடுவார்கள்.

எல்லாம் முடிந்தது, ஒன்றைத் தவிர. 'அட்ரஸ்' என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு டி. கிடங்கில் சில அழைப்புகளில் மட்டும் ஒரே ஒரு டி போட்ட அட்ரஸ் இருந்தது. புரோகிராமில் அதை எழுதுகிற வரி எங்கே என்று தேடினார். இல்லை. படிக்கிற வரியாவது உண்டா என்று தேடினார். அதுவும் இல்லை. அப்படியானால் எந்தக் கழுதை இதை எழுதியது?

அந்த அழைப்புகளைத் திறந்து பார்த்தார். எல்லாவற்றிலும் இரண்டு டி விலாசம் காலி. பேசமுடியாதவர்கள், மயங்கி விழுந்தவர்கள், கூப்பிட்டுவிட்டு அப்படியே விட்டவர்கள். ஒரு டியில் மட்டும் முழு விலாசம். எந்த மாடி, எந்தக் கதவு, படியில் விளக்கு எரியாது என்பது வரைக்கும். கடைசியில்... வண்டி போய்ச் சேர்ந்தது என்று பதிவு.

அவருக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. போதாக்குறைக்கு ஆபீசில் அவருக்குக் கொடுத்திருந்த மேசையின் கீபோர்டில் டி சரியாக அழுந்தாது. ஒவ்வொரு தடவையும் ஓங்கிக் குத்தவேண்டும். டக் டக் டக்... டம். டக் டக்... டம்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். "அது அந்தப் பையனோட கீபோர்டு சார். அவனும் இப்படித்தான் குத்துவான்."

எந்தப் பையன் என்று கேட்டார். இந்த ஆப்பை முதலில் எழுதியவனாம். அவன் அம்மாவுக்கே ஒருநாள் நெஞ்சுவலி வந்ததாம். ஆப்பில்தான் வண்டியைக் கூப்பிட்டிருக்கிறாள். டிரைவருடைய திரையில் விலாசம் வரவே இல்லை, வண்டியும் போய்ச் சேரவில்லை. அவன் அடித்த புரோகிராமில் ஒரு டி குறைந்துபோனதால் அது வேறு பெயரில் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் அவனே வந்து பிழையைத் திருத்தினானாம். அதன் பிறகு யாரும் அவனை உயிரோடு பார்க்கவில்லை.

மேலாளர் போன் செய்தார். "குப்பைன்னு போட்டு முடிங்க. எவ்வளவு நேரம்தான் அதையே நோண்டுவீங்க?" அவரும் நொந்துபோய் 'குப்பை' என்று அடிக்கக் கையை எடுத்தார்.

கிடங்கில் ஒரு புது அழைப்பு வந்து விழுந்தது.

பெயர் காலி. போன் நம்பர் காலி. ஒரு டி அட்ரஸ் மட்டும்... எழுத்தெழுத்தாக நிரம்பியது. அவர் கை கீபோர்டில் இல்லை. முதலில் தெரு. பிறகு கதவு எண். அவருடைய வீட்டு எண். அடுத்து, 'குளியலறை. உள்ளே தாழ்ப்பாள். கதவை உடைக்கவேண்டும்.'

மனைவிக்குப் போன் போட்டார். அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது. ஆம்புலன்ஸ் நிலையத்தைக் கூப்பிட்டு, குழறிக் குழறி விலாசம் சொன்னார்.

"வண்டி அப்பவே கிளம்பிடுச்சு சார். டிரைவர் ஸ்கிரீன்ல அட்ரஸ் வந்துச்சே."

எப்படி வரும்? ஒரு டியைப் படிக்கிற வரி அந்தப் புரோகிராமில் எங்குமே கிடையாது. மூன்று ஞாயிறு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தவர் இவர். ஆனால் யோசிக்க அங்கே யார் நின்றார்கள்? அந்த வெயிலில், அந்த மொட்டைச் சாலையில், செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு வந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வழுக்கி விழுந்தபோது போன் கூடத்தில் இருந்ததாம். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தனியாக விட்டுப் போனதற்கு மன்னித்துவிடு என்றார்.

அவள் புரியாமல் பார்த்தாள். "நீங்க எங்க தனியா விட்டீங்க? கதவுக்கு வெளியிலேயேதானே இருந்தீங்க. எவ்வளவு கத்தினேன், பதிலே சொல்லாம டைப் அடிச்சுக்கிட்டே இருந்தீங்களே."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அதுவும் என்ன அடி அது... டக் டக் டக்னு அடிச்சுட்டு, நடுவுல ஒண்ண மட்டும் அப்படி ஓங்கிக் குத்தினீங்க."