கட்டிக்குத் தீனி

ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு புருஷன், பொண்டாட்டி. அவர் மடியில் ஸ்கேன் கவர் இருந்தது.

"ஒன் கொழுப்புதான் கட்டிய வளக்குதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நான் இருவது வருசமா சொல்றேன்" என்றாள் அந்த அம்மாள்.

நான் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

"அவரு சொன்னது பன்னிக் கொழுப்ப. கணையமோ இன்னாவோ, அதுல கீற கட்டிக்கு அதான் தீனியாம்."

"அப்ப இனிமே வூட்ல கறி கெடையாது."

"நானா கேக்கறேன்? கட்டி கேக்குது."

"கட்டிக்கு களியும் கீரையும் போட்றேன். துன்னட்டும்."

பஸ் இரண்டு கொண்டை ஊசி வளைவு திரும்பியது. அவர் மெல்லக் கேட்டார்.

"வாய்க்கொழுப்பயும் கொறைக்கணுமா?"

"அத வுட்ரு. அதுவும் போச்சுன்னா நான் யார்கூட சண்ட போட்றது?"