ஈய உப்பின் ருசி

என் கையெழுத்து கோணல். மூன்றாம் வகுப்போடு நின்றவன், பிழையும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மயிலாப்பூர் டிராமில் எனக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காக்கிச் சட்டைக்காரர் காலேஜ் ரசாயனக் கூடத்தில் பொடிகளை எடை போட்டுக் கொடுப்பவர் என்று பேச்சில் தெரிந்தது. மற்றவர் அவருடைய மச்சான்.

"ஈய உப்பு இனிக்கும்னு புஸ்தகத்துல போட்டுக்கீது, மச்சான். நக்கிப் பாத்தவன் இன்னா ஆனான்னு போடல."

"சீசாவுல எழுதியிருப்பானே?"

"விஷம்னு ஒரே வார்த்தை. வாயில போட்டாவா, தூசு மூக்குல போனாவா? வாத்தியாரைக் கேட்டா, 'நீ ஏன்யா அதைத் திங்கறே'ன்னு சிரிக்கிறாரு. எனக்கு ரெண்டு மாசமா வயித்தை இழுத்துப் புடிக்குது."

"அப்போ யாருக்குத்தான் தெரியும்?"

"திருவல்லிக்கேணில பெயிண்ட் அடிக்கிற பாய் ஒருத்தரு சொன்னாரு. வெள்ளை பெயிண்ட்லயும் ஈயந்தானாம். அவுங்க ஆளுங்களுக்கும் இதே வலியாம். ஈறு ஓரமா நீலக் கோடு வுழுந்தா, ஈயம் உள்ள பூந்துடுச்சின்னு அர்த்தமாம். நீ பாத்து சொல்லு."

அவர் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி வாயைத் திறந்தார். மச்சான் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா, கோடு கீதா?"

"வெத்தலைக் கறைதான் கீது. கூடை கூடையா பாக்கு துன்னுட்டு கோட்டைத் தேடுன்னா எப்படி? ஒரு மாசம் வெத்தலைய வுடு. அப்பால பாக்கலாம்."

லஸ் நிறுத்தம் வந்ததும் காக்கிச் சட்டைக்காரர் மடியிலிருந்த வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்து மச்சான் கையில் வைத்துவிட்டு இறங்கினார்.

கேட்டது ஆடியில். எழுதத் துணிந்தது விய வருஷம், ஆவணி நான்காம் தேதி.