“போடவா?” என்று கேட்டவள்

இந்தக் கூட்டத்தைத் தலைமையேற்று நடத்தும் காது பரிசோதனை மையத்தின் மருத்துவர் அம்மா அவர்களே, பழுதுபார்ப்போர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் அத்தை, மாமா, கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்த மைக்கில் ஓர் இரைச்சல் வருகிறது. என் மனைவி இங்கே இருந்திருந்தால் நான் பேசி முடிக்கும்வரை பொறுத்திருக்க மாட்டாள். எர்த் கம்பி எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று மேடைக்கு அடியில் தேடிக்கொண்டிருப்பாள்.

நீங்கள் அவளைப் பெட்டியக்கா என்றீர்கள். தூக்கிப் போடுங்கள் என்று மற்றவர்கள் கைவிட்ட பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளுக்குள் புதிய பவர் சப்ளையைப் பொருத்தி ஓடவைத்தவள் நம் பெட்டியக்கா. போன வியாழக்கிழமை பட்டறைக்குக் கிளம்பும்போது தலை வலிக்கிறது என்றாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மாலைக்குள் முடிந்துவிட்டது. இதைப் பலரிடம் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல வேறு யாருடைய செய்தியோ போல இருக்கிறது.

அது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் உண்டு. பவர் சப்ளைக்குத்தான் தரநிர்ணயம் இருக்கிறதே, அளவும் திருகுத் துளையும் எழுதிவைத்தபடிதானே, வாங்கி மாட்ட வேண்டியதுதானே? மின்னணுவியல் படித்தவன் என்பதால் சொல்கிறேன்: அளவெல்லாம் காகிதத்தில் நேராக இருக்கும், பழைய பெட்டியின் தகடு வளைந்திருக்கும். புதிய சப்ளை அகலத்தில் ஒத்துப்போகும், நீளத்தில் போய் டிஸ்க்கில் இடிக்கும். சில பழைய மெஷின்களில் சொருகும் முனை அதே வடிவத்தில் இருக்கும், கம்பி வரிசை மட்டும் வேறு.

ஓர் அலுவலகத்தார் அப்படித் தாங்களே மாட்டி, புகை வந்த பிறகு தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

“புதுசுதாங்க்கா. கச்சிதமா உள்ள போச்சு.”

“போச்சு, சரி. சம்மதம் கேட்டீங்களா?”

“கம்ப்யூட்டர் கிட்டயா?”

“பின்ன? கல்யாணத்துக்கு மட்டுந்தான் கேப்பீங்களோ? மீட்டர் வெச்சு ஒவ்வொரு கம்பியா கேக்கணும்ங்க.”

அப்படி ஒவ்வொரு கம்பியாகக் கேட்ட பிறகும் அவள் தனியாக ஒரு மெஷினுக்கும் சுவிட்ச் போட்டதில்லை. அது பட்டறையின் சட்டம். ஒருவர் மெஷினின் பொத்தானில் விரல் வைக்க வேண்டும். இன்னொருவர் சுவர் சுவிட்சில் கை வைத்து நிற்க வேண்டும், கருகல் வாடை வந்தால் உடனே அணைக்க. “போடவா?” என்று பொத்தான் பக்கம் கேட்கும். “போடு” என்று சுவர்ப்பக்கம் சொன்னால்தான் விரல் அழுத்தும்.

நான் என் பழைய மெஷினைத் தூக்கிக்கொண்டு முதன்முதலாக அங்கே போன அன்று அவளுக்குத் துணைக்கு ஆள் இல்லை.

“சும்மாதானே நிக்கிறீங்க சார், அந்தச் சுவர்ப்பக்கம் போங்க.”

“எனக்குக் கை நடுங்கும்ங்க.”

“அப்ப நீங்கதான் சரி. நடுங்காத ஆளை நான் அங்க நிறுத்தறதில்ல.”

அன்றிலிருந்து சுவர்ப்பக்கம் என் இடம். திருமணப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துக்குப் பேனாவை எடுத்தவள், என்னைத் திரும்பிப் பார்த்து “போடவா?” என்றாள். “போடு” என்றேன். பதிவாளருக்குத்தான் நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று விளங்கவில்லை.

மருத்துவர் அம்மா, உங்கள் மையத்து மெஷின் இன்னும் அவள் மேசையில்தான் இருக்கிறது. குழந்தைகளின் காதைப் பரிசோதிக்க அதற்குள் செருகியிருக்கும் சர்க்யூட் அட்டை புதிய கம்ப்யூட்டர் எதிலும் நுழையாது. அந்த அட்டைக்கு மைனஸ் ஐந்து வோல்ட் கம்பி ஒன்று வேண்டும். இன்றைய தரத்தில் அந்தக் கம்பியே கிடையாது.

“இப்ப அது யாருக்கும் வேணாம்டி. அதான் எடுத்துட்டாங்க” என்றேன்.

“வேணாம்னு யாரைக் கேட்டு முடிவு பண்ணாங்களாம்? அங்க பெஞ்சுல உக்காந்திருக்கற பிள்ளைங்களையா?”



சின்ன அளவு சப்ளை ஒன்றை வாங்கி, பெட்டியின் பின்பக்கத்துக்குத் தகடு வெட்டி, அரத்தால் ராவிப் பொருத்தினாள். இல்லாத அந்த ஒரு கம்பிக்குத் தனியாகச் சின்னச் சர்க்யூட் செய்தாள். புதன்கிழமை எல்லாம் முடிந்தது. முதல் சுவிட்ச் மட்டும் பாக்கி. காலையில் போடலாம் என்று பேசிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

மையத்தில் இப்போதும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்று மாமா கேட்டார்: “மாப்பிள்ளை, அந்தப் பட்டறைய இனி யார் பாக்கறது? சாவியக் குடுத்துடலாமா?” எழுந்து பட்டறைக்குப் போனேன். மீட்டரை எடுத்து ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பொத்தானில் விரல் வைத்தேன். “போடவா?” என்று வாய்விட்டுக் கேட்டேன். பிறகு விரலை எடுத்துவிட்டேன்.

மாமா, சாவியைக் கொடுக்க வேண்டாம். இதை இந்தச் சபையின் முன்னால் சொல்கிறேன். பட்டறை திறந்திருக்கும். தூக்கிப் போடச் சொன்ன பெட்டிகளைக் கொண்டுவாருங்கள். அவளுடைய வேகம் எனக்கு வராது, ஆனால் கம்பிகளைக் கேட்காமல் எதையும் போட மாட்டேன்.

இத்தனை காலம் சுவர்ப்பக்கம் நின்றேன். இனி பொத்தான் பக்கம் நிற்கிறேன். கூட்டம் முடிந்ததும் நேராக அங்கேதான் போகிறேன். “போடு” என்று சொல்ல எனக்கு ஓர் ஆள் வேண்டும். உங்களில் கை நடுங்குகிற யாராவது ஒருவர் என்னோடு வாருங்கள்.