மைதானத்தின் மறுகோடியில் ஒரு மேசை

மேடையில் வீற்றிருக்கும் ஊர்த் தலைவர் நானா அவர்களே, பெற்றோர் சங்கத் தலைவர் அம்பொன்சா அவர்களே, துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்தி வந்திருக்கும் குமாசிப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

ஆசிரியை டுஃபி அம்மையாருக்கு அஞ்சலி செலுத்த நிற்கிறேன். முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பந்தலைத் தாண்டிச் சாலைவரை நிற்கிறீர்களே, அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கிறது. என் சாவுக்கு இதில் பாதிப்பேராவது வருவீர்களா? பதினெட்டு ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பொறாமை மட்டும் ஓய்வு பெறவில்லை.

நம் பிள்ளைகள் ஏன் இப்படிப் பருமனாகிறார்கள்? இந்தக் கேள்வியை இப்பள்ளியில் முதலில் கேட்டவன் நான். உணவு அட்டவணை வரைந்து சுவரில் மாட்டினேன். ஒவ்வொரு பிள்ளையின் எடையையும் வகுப்பில் உரக்கப் படித்தேன். மறுநாள் நான்கு பேர் பள்ளிக்கு வரவில்லை. அவர்களில் ஒரு சிறுமியின் தாயை அழைத்துக் கண்டித்தேன். சந்தையில் பெரிய துணிக்கடை வைத்திருக்கும் அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சார், புள்ள இளைச்சா ஊரு என்ன சொல்லும்? பெத்தவ சோறு போடலன்னுதானே சொல்லும்? நீங்க வந்து பதில் சொல்வீங்களா?”



டுஃபி என்ன செய்தார்? அந்தச் சிறுமியின் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். உயரமான மதில், பூட்டிய கேட், முற்றம் முழுக்க சிமெண்ட். பள்ளிக்குக் காரில் வருவாள். இறங்கினால் வாசலிலேயே ஆன்டி மன்சாவின் மேசை, அதில் எண்ணெயில் பொரித்த போஃப்ரோட் உருண்டைகள்.

திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: “நடக்க எடமே இல்லாத புள்ளையப் போயி சோம்பேறிங்கறீங்களே சார்.”

மன்சாவை நான் ஏற்கெனவே ஒருமுறை விரட்டிப் பார்த்தவன். அவர் மதிலுக்கு வெளியே நின்று முன்பைவிட அதிகம் விற்றார். டுஃபியோ அவரை உள்ளே அழைத்தார். மைதானத்தின் மறுகோடியில் மாமரத்தடியில் மேசை போடச் சொன்னார். போஃப்ரோட்டுக்கு முன்னால் சுட்ட வாழைக்காயும் வேர்க்கடலையும் வைக்கச் சொன்னார். அவ்வளவுதான்! வேண்டியவர்கள் அவ்வளவு தூரம் ஓடியாக வேண்டும். ஓடும் வழியில் சிறுமிகள் ஆம்பே விளையாட்டு ஆடுவார்கள். ஐம்பத்தாறு வயது டுஃபியும் அவர்களோடு கைதட்டிக் குதித்துக் காலை நீட்டுவார். அந்தச் சிறுமிக்கு முதலில் பத்துக் குதிப்பிலேயே மூச்சு வாங்கியது. ஆண்டு முடிவதற்குள் அவள் டுஃபியையே தோற்கடித்தாள். என் அட்டவணை சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

பொறாமை சும்மா இருக்குமா? அந்த மைதானத்தில் கடை வரிசையும் கார் நிறுத்துமிடமும் கட்டலாம் என்று போன மாதம் ஒரு மனு எழுதினார்கள் அல்லவா? அதில் முதல் கையெழுத்து என்னுடையது. ‘வெறும் புழுதிக்காடு’ என்று எழுதிக் கொடுத்தவனும் நானே. மைதானம் போனால் டுஃபியின் பெயரும் போகும் என்று நினைத்தேன்.

செய்தி தெரிந்து என் வீட்டுக்கு வந்தார். முறைப்படி தண்ணீர் கொடுத்து, வந்த காரியம் கேட்டேன்.

“கையெழுத்து உங்க இஷ்டம் சார். புள்ளைங்க எங்க போயி குதிக்கும்? அத மட்டும் சொல்லிடுங்க.”

“உங்க புள்ளைங்கதானே, நீங்களே எடம் பாருங்க” என்றேன்.

அவர் எழுந்து போனார். ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

நானா அவர்களே, அந்த மனு வெள்ளிக்கிழமை உங்கள் முன் வருகிறது. அம்பொன்சா அவர்களே, அது உங்கள் பையில்தான் இருக்கிறது என்று தெரியும். கொடுங்கள். நன்றி. இதோ, முதல் பெயரை அடித்துவிட்டேன். அதற்குக் கீழே உள்ள பதினேழு பேரும் இந்தப் பந்தலில்தான் இருக்கிறீர்கள். பேனாவை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

திங்கட்கிழமை இடைவேளை மணி அடிக்கும்போது நான் மைதானத்தில் நிற்பேன். முழங்கால் வலி உண்டு, ஆனால் கைதட்ட முடியும். என்னோடு ஆட ஒரு பிள்ளையாவது வருமா? வராவிட்டால், டுஃபி அம்மையாரே, உங்கள் மீது இன்னும் கொஞ்சம் பொறாமைப்பட்டுக்கொண்டு வீடு திரும்புவேன். செவ்வாய்க்கிழமை மறுபடியும் வருவேன்.