இருபத்திமூணாவது படம்

ஆமாங்க, சுண்ணாம்புக் கல்லு வெட்டிட்டு மூடிப் போட்டாங்களே, அந்தக் குவாரிக்குத்தான். காலையிலேருந்து ரெண்டு நடை போயிட்டு வந்துட்டீங்களா? அப்ப ஷூட்டிங் எங்கன்னு உங்களுக்கே தெரியும். கொஞ்சம் வேகமாப் போங்க டிரைவர். பதினோரு மணிக்குள்ள நான் அங்க இருந்தாகணும்.

நடிகையா? என்னயப் பாத்தா அப்பிடியா தெரியுது. படம் வரையிறவ நான். குரோகின்னு பேரு. நெரிமாவுல ஒரு ஸ்டுடியோவுல பதினெட்டு வருசமா அனிமே, அதாங்க டிவி கார்ட்டூன் தொடர், வரையிறேன். நாங்க வரைஞ்ச தொடரத்தான் இப்ப ஆளுங்கள வெச்சு சினிமாவா எடுக்குறாங்க. புயல்ல கூரைக்குக் கூரை தாவிப் போயி மருந்து குடுக்குற பொண்ணு கதை. ஓ, உங்க பேத்தி அதப் பாப்பாளா? அப்ப அந்தப் புகைபோக்கி சீனக் கேட்டுப் பாருங்க, சொல்லுவா. ஊர்ப் பொதுக் குளியல்கூடத்துல வெந்நி போடுற புகைபோக்கி இருக்குமே, அந்த உச்சியிலேருந்து குதிச்சு, நடுவானத்துல திரும்பி, ஒத்தக் காலுல வந்து நிப்பா. அது என் கை. அதுக்கு நாப்பத்திரெண்டு படம் வரைஞ்சேன். திரையில நாலு செகண்டு தாண்டாது.

சிக்னலா? சரி, நில்லுங்க. அதுக்குள்ள எதுக்கு இவ்வளவு அவசரம்னு சொல்லிடுறேன்.

விசயம் என்னன்னா, புது வருசத்துல டிரெய்லர் விட்டாங்க. ஜனங்க கிழிச்சுத் தொங்கவிட்டுட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு நீல முடி, எப்பவும் மேல பாத்தே நிக்கும். தாள்ல நிக்கும், தலையில நிக்குமா? விக்குல பசையப் போட்டு நிமித்தியிருந்தாங்க, துடைப்பத்தக் கவுத்து வெச்சாப்புல இருந்துச்சு. பள்ளிக்கூட நாடகம்னு எழுதினாங்க. டைரக்டர் தோகாஷிக்கு அவமானம் தாங்கல. மேடையேறி எல்லார் முன்னாடியும் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டாரு. நிமிந்தவரு, புகைபோக்கி சீன கிராஃபிக்ஸ் இல்லாம படத்துக்குப் படம் அப்பிடியே எடுத்துக் காட்டுறேன்னுட்டாரு.

கதாநாயகியா குதிக்கப் போறா? அவளுக்கு டூப் போடுற பொண்ணு, இட்சுகின்னு பேரு. இருபத்தாறு வயசு. என் நாப்பத்திரெண்டு படத்தையும் நகலெடுத்து வீட்டுச் சுவத்துல வரிசையா ஒட்டி வெச்சிருக்கா. பல்லு விளக்கும்போதுகூட அதப் பாத்துக்கிட்டேதான் விளக்குவாளாம்.

அதுல இருபத்திமூணாவது படம் இருக்கு பாருங்க, உடம்பு இந்தப் பக்கம் பாக்கும், முகம் முழுசா அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். உசிரோட இருக்கற எந்த மனுசருக்கும் கழுத்து அப்பிடித் திரும்பாது. கண்ணு இமைக்கிறதுக்குள்ள போயிரும், யாருக்கும் தெரியாது. ஆனா அது இல்லாட்டி அந்தத் தாவல் செத்துரும். நாங்க எல்லாருமே பண்றதுதாங்க. காலை நீட்டுவோம், எலும்ப மடக்குவோம். தாளுக்கு வலிக்காதுல்ல.

காலையில ஆறு மணிக்கு அவகிட்டேருந்து போன்ல ஒரு செய்தி. குரோகி-சான், இருபத்திமூணு எனக்கு வந்துருச்சு, நேத்து பாதி உயரத்துலேருந்து மெத்தை மேல குதிச்சு, அதே மாதிரி கழுத்தத் திருப்பிப் பாத்தேன், கழுத்துல சின்னதா ஒரு சத்தம் கேட்டுச்சு, பரவாயில்ல, இன்னைக்குப் பதினோரு மணிக்கு முழு உயரம்னு. அவ்வளவு சந்தோசமா எழுதியிருக்கா. உடனே கூப்பிட்டேன், எடுக்கல. படத்தப் பத்தி எதுவும் வெளிய போயிரக் கூடாதுன்னு ஷூட்டிங் வாசல்லயே எல்லார் போனையும் வாங்கி வெச்சிருவாங்க. படக் கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டா, பாதுகாப்பெல்லாம் பாத்தாச்சுங்க, கவலப்படாதீங்கன்னு ஒருத்தர் பணிவாச் சொல்லி வெச்சிட்டாரு. கிரேன்லேருந்து கட்டி விடுற கம்பி இடுப்பப் பிடிச்சுக்கும். கழுத்த எது பிடிக்கும், சொல்லுங்க.

ரயில்ல ஒரு நிமிசம் கண்ண மூட முடியல. மூடினா அந்தப் படம்தான் வருது. நான் வரைஞ்ச கழுத்து, அதுல அவ முகம்.

மணி பத்து அம்பதா? இந்த வளைவு முடிஞ்சா குவாரிதானே?

அதோ கிரேன், பக்கத்துல புகைபோக்கி செட்டு. மேல நிக்கிறா பாருங்க, நீல முடி. கைய விரிச்சிட்டா. டிரைவர், ஹாரன அடிங்க. தெரியும், நம்ம ஊர்ல யாரும் லேசுல ஹாரன் அடிக்க மாட்டாங்க, உங்களுக்குச் சங்கடம்தான். பழிய நான் ஏத்துக்குறேன், அடிங்க. விடாதீங்க. இன்னும். இன்னும்.

போதும். போதுங்க, நிறுத்திட்டாங்க. எல்லாரும் இங்கதான் பாக்குறாங்க. தோகாஷி ஓடி வராரு, திட்டட்டும். அவள இறக்குறாங்க. மெதுவா வருது கம்பி. காலு தரையில பட்ருச்சு. கழுத்தத் தேச்சுக்கிறா. என்னயப் பாத்துட்டா, கைய ஆட்டுறா.

கொஞ்சம் இருங்க, இறங்கிடுறேன். அவ முன்னாடி போயி நிக்கத்தான் யோசனையா இருக்கு. இல்லல்ல, இனி அவ விழுவாளேன்னு பயம் இல்ல. இது வேற. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி வாங்கிக்கிட்டு என் வீட்டுக்கு வந்தா. அந்த ஒரு படத்த மட்டும் காட்டி, இத நெசமா ஒருத்தரால செய்ய முடியுமான்னு கேட்டா. பதினெட்டு வருசத்துல என் படத்த அப்பிடி உத்துப் பாத்து யாரும் கேட்டதில்லைங்க. முடியும்மா, சர்க்கஸ்ல ஒரு பொண்ணு செஞ்சத நேர்ல பாத்துத்தான் வரைஞ்சேன்னுட்டேன்.

நான் சர்க்கசே பாத்ததில்ல.