கறுப்பு ரப்பர் பை

காபி ஆறுகிறது, குடியுங்கள் இன்ஸ்பெக்டர். எதிர்வீட்டுப் பசுவின் பால். உத்திரமேரூரில் இதைவிட நல்ல பால் கிடையாது.

நர்ஸ் மார்த்தாள் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மைதான். பச்சமுத்துவிலிருந்து சொல்கிறேன். எழுபத்தெட்டில் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவன். மயக்கம் கொடுத்தவன் நான். தசையைத் தளர்த்த ஸ்கோலின் போட்டால் ஐந்து நிமிடம் மூச்சு நிற்கும். அதுவரை ரப்பர் பையை அமுக்கி நாம்தான் மூச்சு கொடுக்க வேண்டும். அவனுக்கு அரை மணியாகியும் மூச்சு திரும்பவில்லை. இனி வராது என்று பையை விட்டேன். சர்ஜன் பாண்டுரங்கன் நர்சுகள் முன்னால் என்னைக் கசாப்புக்காரன் என்றார். அதை நான் மறக்கவே இல்லை.

பிறகுதான் ஒரு புத்தகத்தில் படித்தேன். சில குடும்பங்களுக்கு அந்த மருந்தைக் கரைக்கும் சக்தி பிறவியிலேயே இருக்காதாம். சொந்தத்துக்குள் கட்டிக்கொடுக்கும் வீடுகளில் அதிகமாம். பச்சமுத்துவின் அம்மா முனியம்மாள் கட்டியது தாய்மாமனை. பாண்டுரங்கனிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

போன மாதம் அவள் காவாந்தண்டலத்திலிருந்து மகள் சிட்டம்மாளைக் கூட்டிவந்தாள். குடல்வால் வலி.

“அன்னிக்கு நடந்தது கொலசாமி குத்தம் நைனா. பொங்க வெச்சு, மொட்ட போட்டு, எல்லாம் தீத்துக்கினு வந்துகீறோம். நீயே ஊசி போடு, உன் கை மேல நம்பிக்க கீது.”

முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டே, அந்த மருந்து இல்லாமல் முடித்திருக்கலாம். ஸ்கோலின் போட்டேன்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மணி நேரமாகியும் மூச்சு வரவில்லை. பாண்டுரங்கனே கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “நீ சொன்னது நெஜந்தான்யா, குடும்ப வியாதிதான்” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சாப்பிடப் போனார்.

மயக்கம் எப்போதோ தெளிந்திருந்தது. அசைய முடியாதே தவிர சிட்டம்மாளுக்கு எல்லாம் தெரியும். கண்ணோரம் நீர் வழிந்தது, துடைத்துவிட்டேன்.

“கை ஓஞ்சி பூட்ச்சா சார்? குடுங்க, நான் அமுக்குறேன்” என்றாள் நர்ஸ் மார்த்தாள்.

மூச்சு வந்துவிட்டது, போய்ச் சாப்பிடு என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

யோசித்துப் பாருங்கள். இவள் பிழைத்து எழுந்தால் பச்சமுத்து ஏன் செத்தான் என்று கேள்வி வரும். பையை விடாமல் அமுக்கினால் சில மணி நேரத்தில் தானாகத் தேறுவார்கள் என்று அந்தப் புத்தகத்தில் அதே பக்கத்தில் போட்டிருக்கிறது.

பையைக் கீழே வைத்தேன்.

முனியம்மாளிடம் நானே போய்ச் சொன்னேன், எல்லாம் அவள் ரத்தத்திலிருந்து வந்த கோளாறு என்று. மார்பில் அடித்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இந்தக் கை மேல் தப்பில்லை என்று பெற்றவளே சொல்லிவிட்டாள். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.